நான்காம் நிலை எப்படி ஒன்றாம் நிலை ஆனது?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர முடியாத பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)

தண்ணீர் லாரி விவகாரத்துக்கு முன்னால் என்னைப் பேச விட்ட செயலாளருக்கு நன்றி. அதற்குப் பிறகு என்றால் இந்த அறையில் பாதிப் பேர் இருந்திருக்க மாட்டீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆயுள் காப்பீட்டுத் துறையில் 33 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் அண்டர்ரைட்டிங் பிரிவு. அதாவது, பாலிசி கேட்டு வருகிறவரின் வயது, எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம், அப்பா அம்மா எத்தனை வயதில் போனார்கள் என்பதையெல்லாம் பார்த்து, இவருக்குச் சாதாரண பிரீமியமா, கூடுதல் பிரீமியமா, பாலிசியே வேண்டாமா என்று எழுதும் வேலை. ஒருவர் எத்தனை வருடம் இருப்பார் என்பதைக் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்கியவன். அப்படிப்பட்ட நான் சொந்த வீட்டில் அந்தக் கணக்கை எவ்வளவு தப்பாகப் படித்தேன் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். என் மனைவி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன். மருத்துவ விஷயங்களை அவளைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் காட்டித் திருத்தி வாங்கியிருக்கிறேன்.

2015ஆம் வருடம். அவளுக்கு அப்போது 52 வயது. ரவிக்கைக்கு அளவு எடுத்த தையல்கார அம்மாதான், "அக்கா, கழுத்துல இந்தப் பக்கம் என்ன உருண்டையா இருக்கு?" என்று கேட்டார். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி வைத்துச் சோதித்தார்கள். தைராய்டு புற்றுநோய், பாப்பில்லரி வகை. முழுத் தைராய்டையும், கழுத்தின் பக்கவாட்டில் இருந்த நெறிகட்டிகளையும் எடுத்தார்கள். கட்டி 2.2 சென்டிமீட்டர். எடுத்த 19 நெறிகட்டிகளில் நான்கில் நோய் இருந்தது. நுரையீரலிலோ எலும்பிலோ எதுவும் இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று கையில் கொடுத்த தாளில், கடைசிக்கு முந்தின வரியில் 'நிலை 4ஏ' என்று இருந்தது.

நாலாம் நிலை என்றால் நம் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான். என் பெரியப்பாவுக்கு நுரையீரலில் நாலாம் நிலை என்றார்கள். ஆறு மாதம்கூட இருக்கவில்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். வழியெல்லாம் அவள், வீட்டில் காஸ் புக் பண்ண வேண்டும், பண்ண வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் மருந்துச் சீட்டைத் தேடும்போது அவளே அந்தத் தாளைப் பார்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண்ணுக்குப் பேசி வைத்திருந்த கல்யாணத்தை எட்டு மாதம் முன்னுக்குக் கொண்டு வந்தோம். சேமநல நிதியில் இருந்து பணம் எடுத்தேன். பெண்ணுக்கு ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, அதை விட்டுவிட்டாள். "அம்மாவ விட்டுட்டு எப்படிப்பா போறது?" என்றாள். நான் போகச் சொல்லவில்லை. நாலாம் நிலை என்று எழுதியிருக்கும்போது எந்த அப்பா போகச் சொல்வான்?

இப்போது அவளுக்கு 62. காலையில் பார்க்கில் ஐந்து சுற்று நடக்கிறாள், பார்த்திருப்பீர்கள்.

இதைக் கேட்டதும் 'அதிசயம், கடவுள் கிருபை' என்று சிலர் சொல்வார்கள். கடவுள் கிருபை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. 2015லேயே அவள் நன்றாக இருப்பாள் என்றுதான் கணக்கு சொன்னது. அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை.

2018இல் வருடாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். பழைய ஃபைலை முதலிலிருந்து புரட்டிவிட்டு, "அம்மா, இது பழைய புத்தகப்படி போட்டது. இன்னிக்குக் கணக்குல நீங்க ஒண்ணாம் நிலை" என்றார். என் மனைவி என்னைப் பார்த்தாள். ஆபரேஷன் செய்த கட்டி அதே கட்டிதான். நெறிகட்டியும் அதேதான். வயதும் ஆபரேஷன் நேரத்து வயதைத்தான் எடுப்பார்கள், அதுவும் 52தான். மாறியது புத்தகம் மட்டும்.

எப்படி என்று சொல்கிறேன். புற்றுநோய்க்கு நிலை போடும் முறையை அமெரிக்காவில் ஒரு கூட்டுக்குழு புத்தகமாக வெளியிடுகிறது. உலகம் முழுக்க அதைத்தான் பின்பற்றுகிறார்கள். கட்டியின் அளவு, நெறிகட்டி, தூரத்துப் பரவல் என்று மூன்றையும் பார்த்து நிலை போடுவார்கள். ஆனால் பாப்பில்லரி, ஃபாலிகுலர் என்ற இரண்டு தைராய்டு வகைகளில் மட்டும் நாலாவதாக ஒன்றைச் சேர்ப்பார்கள்: வயது. ஏழாம் பதிப்பில் எல்லைக்கோடு 45. அதற்குக் கீழே என்றால், நோய் எங்கே பரவியிருந்தாலும் இரண்டாம் நிலைக்கு மேல் போகாது. 45 ஆகிவிட்டால், கழுத்தின் பக்கவாட்டு நெறிகட்டியில் நோய் இருந்தாலே 4ஏ. எட்டாம் பதிப்பில் அந்தக் கோட்டை 55க்குத் தள்ளினார்கள். 2018 ஜனவரியில் இருந்து அது நடைமுறைக்கு வந்தது. 55க்குக் கீழே, தூரத்துப் பரவல் இல்லை என்றால், நெறிகட்டி எத்தனை இருந்தாலும் ஒன்றாம் நிலை. தூரத்தில் பரவியிருந்தால் இரண்டாம் நிலை. 55க்கு மேலேயும் நெறிகட்டிக்காக மட்டும் நாலாம் நிலை கிடையாது. என் மனைவிக்கு அப்போது 57 ஆகியிருந்தால்கூட இன்றைய கணக்கில் இரண்டாம் நிலைதான்.

ஏன் மாற்றினார்கள்? ஆயிரக்கணக்கான நோயாளிகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, 45க்கும் 55க்கும் இடைப்பட்டவர்கள், மேல் நிலைகளில் போட்டு வைத்தபடி இறக்கவில்லை. கழுத்து நெறிகட்டியும் நினைத்த அளவுக்கு உயிரை வாங்கவில்லை. ஆகவே அட்டவணையைத் திருத்தினார்கள். எங்கள் துறையிலும் இப்படித்தான். மக்கள் பழைய இறப்பு விகித அட்டவணை சொன்னதைவிட அதிக நாள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் புதிய அட்டவணை போடுவார்கள், பிரீமியம் குறையும். பாலிசிதாரர் உடம்பில் ஒன்றும் மாறியிருக்காது.

என்னைப் போன்ற ஆளுக்கு இதில் உறுத்த வேண்டியது இன்னொன்று. 54 வயது 364 நாளுக்கும் 55ஆவது பிறந்த நாளுக்கும் நடுவில் உடம்பில் என்ன நடந்துவிடும்? ஒன்றும் நடக்காது. வயது ஏற ஏற ஆபத்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறுகிறது. கோடு என்பது கணக்குக்கு வசதியாகப் போட்டது. 33 வருடம் இப்படிப்பட்ட கோடுகளை வைத்துத்தான் பிழைத்தேன். ஆனாலும் வீட்டுக்கு வந்த தாளில் கோட்டைப் பார்க்கவில்லை, '4' என்ற எண்ணை மட்டும் பார்த்தேன்.

அன்று அந்த டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊரில் மேயோ கிளினிக் இருக்கிறது. அங்கே 1940 முதல் 1989 வரை பாப்பில்லரி வகைக்கு ஆபரேஷன் செய்துகொண்ட 1,779 பேரின் விவரங்களை வைத்து, 1993இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். அதற்கு மேசிஸ் என்று பெயர். பேனா இருந்தால் நீங்களும் போட்டுப் பார்க்கலாம், அவ்வளவு எளிது.

வயது 39 வரை என்றால் 3.1. அதற்கு மேல் என்றால் வயதை 0.08ஆல் பெருக்க வேண்டும். கட்டியின் அளவை, சென்டிமீட்டரில், 0.3ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஆபரேஷனில் முழுதும் எடுக்க முடியாமல் மிச்சம் விட்டிருந்தால் 1. தைராய்டைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் நுழைந்திருந்தால் 1. தூரத்தில் பரவியிருந்தால் 3. கூட்டுத்தொகை 6க்குக் கீழே என்றால், 20 வருடத்தில் இந்த நோயால் இறக்காமல் இருப்பவர்கள் 99 சதவீதம். 6 முதல் 7க்குள் 89. 7 முதல் 8க்குள் 56. எட்டும் அதற்கு மேலும் என்றால் 24.

என் மனைவிக்கு? 52ஐ 0.08ஆல் பெருக்கினால் 4.16. கட்டிக்கு 0.66. மற்ற மூன்றும் பூஜ்யம். மொத்தம் 4.82. தொண்ணூற்று ஒன்பது சதவீதக் கூடையில் இருந்திருக்கிறாள்.

கவனியுங்கள், இந்தக் கணக்கு 1993இலேயே வந்துவிட்டது. எங்கள் வீட்டில் 2015இல் 'நாலாம் நிலை' என்று அழுதபோது, அதே ரிப்போர்ட்டை இன்னொரு அளவுகோலில் வைத்தால் 99 என்று காட்டியிருக்கும். இரண்டு அளவுகோலும் ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருந்தன. நான் ஒன்றைத்தான் பார்த்தேன். சந்தேகம் கேட்கவும் எனக்குப் பயம். என்ன பதில் வருமோ என்று, கேட்காமலேயே இருந்துவிட்டேன்.

ஆனால் இதே சூத்திரம் எல்லோருக்கும் நல்ல செய்தி சொல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். 70 வயதுக்காரர் ஒருவர், கட்டி 4 சென்டிமீட்டர், வெளியே நுழைந்துவிட்டது, நுரையீரலிலும் இருக்கிறது என்றால் கூட்டிப் பாருங்கள்: 5.6, 1.2, 1, 3. பத்தைத் தாண்டுகிறது. 'தைராய்டு கேன்சரா, அது நல்ல கேன்சர்' என்று ஆறுதல் சொல்கிறோமே, அது இவரிடம் சொல்லக் கூடாத வார்த்தை. எந்த நோயாளியிடமும் சொல்லாமல் இருப்பது நல்லது. என் மனைவியிடம் இப்படிச் சொன்ன உறவினரை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

தைராய்டு புற்றுநோய் என்பது ஒரே நோயும் அல்ல. பத்தில் எட்டுக்கு மேல் பாப்பில்லரிதான். ஃபாலிகுலர் அதற்கு அடுத்தது. மெடுல்லரி என்பது வேறு செல்லில் இருந்து வருவது. அதில் நாலில் ஒரு பங்கு பரம்பரையாக வரும். ரெட் என்ற மரபணுவைச் சோதிப்பார்கள், மாற்றம் இருந்தால் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும். கால்சிடோனின் என்ற ரத்தப் பரிசோதனையின் எண் எவ்வளவு வேகமாக இரட்டிப்பாகிறது என்பதை வைத்து அதன் போக்கைக் கணிப்பார்கள். கடைசியாக அனாபிளாஸ்டிக். அரிது. பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும். கண்டுபிடிக்கும் அன்றே நாலாம் நிலை. அதில் ஒன்றாம் நிலை என்பதே புத்தகத்தில் இல்லை. ஆயுள் பெரும்பாலும் மாதக் கணக்கில்தான். பிராஃப் என்ற மரபணு மாற்றம் இருக்கும் சிலருக்கு 2018 முதல் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள், அதில் பலன் கிடைத்தவர்கள் உண்டு. ஆகவே 'தைராய்டு கேன்சர்' என்று யாராவது சொன்னால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் வார்த்தை 'எந்த வகை?' என்பதுதான். நிலை எல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உயிருக்கு ஆபத்தா என்பது ஒரு கேள்வி. நோய் திரும்ப வருமா என்பது வேறு கேள்வி. நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். நான் சொன்ன நிலையும், மேசிஸும் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. இரண்டாவது கேள்விக்கு அவை பதில் சொல்லாது. மேசிஸ் கணக்கில் நெறிகட்டிக்கு இடமே இல்லை, பார்த்தீர்களா? ஆனால் திரும்பி வருவதில் நெறிகட்டிக்குத்தான் பெரிய பங்கு. அமெரிக்கத் தைராய்டு சங்கம் அப்போது இதற்குத் தனியாகக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று பிரிவு வைத்திருந்தது. என் மனைவி நடுத்தரம். கையால் தொட்டுப் பார்த்தாலோ ஸ்கேனிலோ முன்பே தெரியும் அளவுக்கு நெறிகட்டி இருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் திரும்பி வரலாம். அதாவது ஒன்றாம் நிலை, உயிருக்கு ஆபத்து மிகக் குறைவு, ஆனால் கழுத்தில் இன்னொரு முறை வர ஐந்தில் ஒரு வாய்ப்பு. இந்த மூன்றும் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் உண்மை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது.

அடுத்தது, இந்தக் கணிப்பு முதல் நாளோடு முடிவதில்லை. அமெரிக்காவில் நியூயார்க்கில் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் டட்டில் என்ற டாக்டரும் அவர் குழுவும் 2010இல் இதை முறையாகக் காட்டினார்கள். ஆபரேஷன் அன்று போட்ட கணக்கைக் கல்வெட்டில் செதுக்காதே. சிகிச்சைக்கு உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்த்து ஒவ்வொரு முறையும் திருத்து என்றார்கள். அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, தைரோகுளோபுலின். இதைத் தைராய்டு செல்கள் மட்டும்தான் சுரக்கும். தைராய்டையே எடுத்து, மிச்சத்தையும் கதிரியக்க அயோடின் கொடுத்து அழித்துவிட்டால், ரத்தத்தில் அது ஏறக்குறைய இருக்கக் கூடாது. இருந்தால், எங்கேயோ செல் இருக்கிறது. கூடவே அதன் எதிர்ப்பொருளையும் பார்க்க வேண்டும். எதிர்ப்பொருள் இருந்தால் தைரோகுளோபுலின் எண்ணை நம்ப முடியாது. ரிப்போர்ட்டில் ஒன்று மட்டும் இருந்தால் இன்னொன்று எங்கே என்று கேளுங்கள்.

அயோடின் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, சொல்லாமல் போனால் மனசு ஆறாது. அதைக் கொடுப்பதற்கு முன் இரண்டு வாரம் அயோடின் இல்லாத சாப்பாடு: சாதாரண உப்பு கூடாது, பால், தயிர், மீன் கூடாது. தைராக்சின் மாத்திரையையும் சில வாரம் நிறுத்துவார்கள். முகம் வீங்கி, குரல் கனத்து, எழுந்து நடக்கவே அலுப்பாக இருப்பாள். மருந்து கொடுத்ததும் தனி அறை. வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் தனித் தட்டு, தனிப் படுக்கை, குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் தள்ளி இருக்க வேண்டும். அந்தக் கதிரியக்கம் எட்டு நாளுக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். அதோடு பெரும்பங்கு சிறுநீரில் வெளியே போய்விடும். அப்போது நாங்கள் வேறு ஒரு குடியிருப்பில் இருந்தோம். ஒன்றரை மாதம் கழித்தும் லிஃப்டில் அவள் ஏறினால் சிலர் இறங்கிக்கொண்டார்கள். இவளும் மூன்று மாடி படியில் நடக்க ஆரம்பித்தாள். நம் குடியிருப்பில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்தால், எத்தனை நாள் தள்ளி இருக்க வேண்டும் என்று மருத்துவமனையே தாளில் எழுதிக் கொடுக்கும். அந்த நாள் முடிந்தால் முடிந்ததுதான். தயவுசெய்து லிஃப்டைவிட்டு இறங்காதீர்கள்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். 2016 கடைசியில் அவளுக்குத் தைரோகுளோபுலின் 0.6. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இதற்குப் பெயர் 'தீர்மானிக்க முடியாத பதில்'. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. இப்படி இருப்பவர்களில் 15 முதல் 20 சதவீதம் பேருக்குப் பின்னால் எங்கேயாவது நோய் தென்படும். மற்றவர்களுக்குத் தானாகவே குறையும், அல்லது அப்படியே நிற்கும். காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்த ஒரு வருடம்தான் எனக்கு ஆபரேஷனைவிடக் கஷ்டமாக இருந்தது. 2017 கடைசியில் 0.2க்குக் கீழே வந்தது. 'மிகச் சிறந்த பதில்' என்ற பிரிவுக்குப் போனாள். அந்தப் பிரிவில் நோய் திரும்புவது நூற்றுக்கு ஒருவர் முதல் நால்வர் வரை. ஐந்தில் ஒன்று என்று தொடங்கிய கணக்கு, இரண்டு வருடத்தில் இங்கே வந்து நின்றது.

இது வெறும் மன ஆறுதலுக்கான எண் என்று நினைக்காதீர்கள். இதை வைத்துத்தான் மாத்திரையின் அளவு முடிவாகிறது. ஆரம்பத்தில் நோய் வளராமல் இருக்க, டி.எஸ்.ஹெச். எண்ணை வேண்டுமென்றே கீழே அழுத்தி வைப்பார்கள், அதற்குத் தைராக்சின் கொஞ்சம் அதிகமாகக் கொடுப்பார்கள். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும், வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஆபத்து குறைந்துவிட்டது என்று தெரிந்தால் மாத்திரையைக் குறைத்து டி.எஸ்.ஹெச்.சை இயல்புக்குக் கொண்டு வரலாம். 2018இல் டாக்டரம்மா அதைத்தான் செய்தார். அதுவரை இரவெல்லாம் 'நெஞ்சு படபடங்குதுங்க' என்று எழுந்து உட்காருவாள். நான் அதைப் பயத்தின் படபடப்பு என்றே நினைத்திருந்தேன்.

'ஐந்து வருடம் தாண்டிவிட்டால் தப்பித்தோம்' என்ற கணக்கும் இந்த நோய்க்குப் பொருந்தாது. பாப்பில்லரி மெதுவான நோய். இருபது வருடம் கழித்துத் திரும்பியவர்களும் உண்டு. அதனால்தான் 1993 சூத்திரமே 20 வருடத்துக்குப் போட்டிருக்கிறது. நாங்கள் இன்னும் வருடத்துக்கு ஒரு முறை போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.

கடைசியாக, செயலாளர் என்னை இன்று பேச அழைத்ததன் காரணம். அடுத்த மாத மருத்துவ முகாமில் ஒரு பரிசோதனைக்கூடம் நம் எல்லோருக்கும் சலுகை விலையில் 'தைராய்டு பேக்கேஜ்' தருவதாகச் சொல்லியிருக்கிறது. ரத்தத்தில் டி.எஸ்.ஹெச்., கழுத்தில் ஸ்கேன். டி.எஸ்.ஹெச். பார்த்துக்கொள்ள விரும்புகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். 'எனக்குத் தைராய்டு இருக்கு' என்று நம் பிளாக்கில் பத்துப் பேராவது சொல்கிறார்கள் (தைராய்டு எல்லோருக்கும்தான் இருக்கிறது!). அது சுரப்பு குறைவு, புற்றுநோய் இல்லை. புற்றுநோய் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு டி.எஸ்.ஹெச். சரியாகவே இருக்கும். எனக்கு ஆட்சேபம் கழுத்து ஸ்கேனில்தான்.

தென் கொரியாவில் நடந்ததைப் பாருங்கள். 1999இல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஆரம்பித்தது. தைராய்டு அதில் இல்லை; ஆனால் மருத்துவமனைகள் கொஞ்சம் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு கழுத்து ஸ்கேனையும் சேர்த்து எடுத்தன. 1993இல் இருந்ததைப் போல் 15 மடங்கு தைராய்டு புற்றுநோய் 2011இல் கண்டுபிடித்தார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் 40,000 பேருக்கு மேல். இந்த நோயால் இறந்தவர்கள்? வருடத்துக்கு 300, 400 பேர். முன்பும் அதேதான், பின்பும் அதேதான். கண்டுபிடித்த ஏறக்குறைய எல்லோருக்கும் ஆபரேஷன் செய்தார்கள். அதில் நூற்றுக்குப் பதினொருவருக்குக் கால்சியம் சுரப்பிகள் பாதித்தன, இரண்டு பேருக்குக் குரல் நரம்பு. கழுத்தில் சும்மா இருந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

அவை சும்மா இருந்திருக்கும் என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்கலாம். ஜப்பானில் கோபே நகரத்தில் குமா மருத்துவமனை 1993 முதல் இதைப் பார்த்து வருகிறது. ஒரு சென்டிமீட்டரும் அதற்குக் குறைவுமான பாப்பில்லரி கட்டி இருந்த 1,235 பேருக்கு ஆபரேஷன் செய்யாமல், ஸ்கேன் மட்டும் எடுத்துக் கவனித்து, 2014இல் கணக்கு வெளியிட்டார்கள். பத்து வருடத்தில் கட்டி பெரிதானது 8 சதவீதம், நெறிகட்டிக்குப் போனது 3.8 சதவீதம். ஒருவரும் இந்த நோயால் இறக்கவில்லை. வளர்ந்தபோது ஆபரேஷன் செய்தவர்களும் நன்றாகவே இருந்தார்கள். அதிலும் அறுபது தாண்டியவர்களுக்குத்தான் வளர்ச்சி மிகக் குறைவு. பெரிய கட்டியில் வயது எதிரி, கடுகளவு கட்டியில் அதே வயது துணை. இதற்கு எங்கள் அட்டவணையில் இடமே கிடையாது.

புகார் ஒன்றும் இல்லாத பெரியவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய்க்காகச் சோதனை வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழுவும் 2017இல் சொல்லிவிட்டது. ஆகவே முகாமில் அந்த ஸ்கேனை நீக்கிவிடச் சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். சலுகை விலை என்பதால் பொருளாளருக்கு வருத்தம்தான், தெரியும். ஆனால் கழுத்தில் கட்டி தென்பட்டால், குரல் வாரக்கணக்கில் கம்மியே இருந்தால், விழுங்கும்போது தடுத்தால், சிறு வயதில் கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை நடந்திருந்தால், குடும்பத்தில் மெடுல்லரி இருந்தால், முகாமுக்காகக் காத்திருக்காதீர்கள். அதெல்லாம் சோதனை முகாமுக்கான விஷயம் இல்லை, டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்.

நம் குடியிருப்பில் இந்த நோயோடு இருப்பவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டு வீட்டில் இருக்கிறார்கள். இன்னும் இருக்கலாம், சொல்ல விருப்பம் இல்லாமல். சி பிளாக்கில் எங்கள் வீட்டுக் கதவு எப்போது வேண்டுமானாலும் திறந்திருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்து நான் மருத்துவம் சொல்ல மாட்டேன். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தருவேன்: எந்த வகை, உயிருக்கு எவ்வளவு ஆபத்து, திரும்பி வர எவ்வளவு வாய்ப்பு, எந்தப் பதிப்புப்படி நிலை போட்டீர்கள், அடுத்த தைரோகுளோபுலின் எப்போது. என் மனைவி காபி போட்டுத் தருவாள். ஜெர்மனிக்குப் போகாத எங்கள் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கேதான் இருப்பாள். அந்தத் தாளில் கடைசிக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னது அவள்தான்: "இந்தக் கணக்க அடுத்த வருஷம் எப்போ திருப்பிப் போடுவீங்க?"